பின்வந்து பழுது பார்ப்போர்

சாரல் பருவத்தில் குற்றாலத்து ஐந்தருவிச் சாலையில் மாலை நடை செல்வது நமக்கும், நம் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பருக்கும் பல்லாண்டுப் பழக்கம். சென்ற பருவத்தில் ஒருநாள், அருவியில் கூட்டம் மிகுதி என்று குளிக்காமலே திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கமாக வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும் நண்பர் அன்று வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டோம்.

அவரிடம் பயின்ற ஆய்வு மாணவர் ஒருவர் 2013-இல் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். இவ்வட்டாரத்து மழைமானிகள் பலவற்றின் முப்பதாண்டுக் குறிப்புகளைத் திரட்டி, மழையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் நிரல் அது. ஆய்வேடு ஏற்கப்பட்டுப் பட்டமும் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது வேறொரு மாணவி அதே கணக்கைப் பின்வந்த ஆண்டுகளுக்கும் நீட்டிக்க விரும்புகிறார். ஆய்வகத்துக் கணினிகள் புதியவை. அவற்றில் உள்ள மென்பொருள்களும் புதியவை. பழைய நிரலை அவற்றில் ஏற்றினால், தவறான விடையைக்கூட அது தரவில்லை, தொடங்கவே மறுக்கிறது.

"ஒரு எழுத்துகூட மாத்தல அண்ணாச்சி. நேத்து ஓடுன வண்டி, இன்னிக்கு கிளம்ப மாட்டேங்குது" என்றார். சற்று நடந்தபின், "உங்க ஆளுங்க ஏட்டுச்சுவடிய வச்சுக்கிட்டு பட்ட பாடுதான் இப்ப எங்களுக்கு" என்றும் சொன்னார்.

நாம் பயின்றது தமிழ் இலக்கியம். கணினி நமக்குக் கட்டுரை தட்டச்சு செய்யும் கருவி மட்டுமே. எனினும் சுவடியைப் பற்றி அவர் சொன்ன அந்தச் சொல் நம்மை விடவில்லை. அடுத்து வந்த வாரங்களில் அவர் சொல்லச் சொல்லக் கேட்டும், நாமே தேடிப் படித்தும் அறிந்துகொண்ட ஒரு சிறு வரலாற்றை இங்கே எழுதுகிறோம். அறிவியல் கணக்குகளுக்கான மென்பொருள்கள் ஒரு பொறியிலிருந்து இன்னொரு பொறிக்கு இடம்பெயரும்போது எங்கெங்கே உடைகின்றன, அவற்றை யார் ஒட்டவைக்கிறார்கள் என்பதே அவ்வரலாறு.

*

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நிரலாளர்கள் 'நூலகம்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். வாசக அன்பர்கள் அறிந்த நூலகம் அன்று. ஆயினும் மிகத் தொலைவிலும் இல்லை. வர்க்கமூலம் காண்பது, நூறு சமன்பாடுகளுக்கு ஒருசேரத் தீர்வு காண்பது போன்ற வேலைகளை ஒவ்வொருவரும் தாமே எழுதாமல், வல்லுநர் எழுதிவைத்ததை எடுத்தாள்வதற்கான தொகுப்பே அது. இன்னொரு சொல் 'கட்டுதல்'. மனிதர் படிக்கும் வடிவில் எழுதப்பட்ட மூலநிரலை, கம்பைலர் என்னும் மென்பொருளின் வழியாக, குறிப்பிட்ட ஒரு பொறி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றி, அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களோடு பிணைத்து நிறுத்துவதற்கு அப்பெயர். மூலம் ஒன்றுதான். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று இயங்குதளத்துக்கு ஒன்றாகக் கட்டிடங்கள் பல. ஓர் ஆறு பாறை பிளந்துவிட்ட வழியில் ஐந்தாகப் பிரிந்து விழுவதை நாள்தோறும் பார்க்கும் நமக்கு இது புரியாததன்று.

சுவடியின் கதைக்கு வருவோம். பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவதே ஏடெழுதுவோர் வழக்கம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. ஓலையைப் படித்தவர்க்கு அது இடையூறாகத் தோன்றவில்லை. இடம்நோக்கிப் பொருள்கொள்ளும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது. அதே நூல் ஓலையிலிருந்து தாளுக்கும் அச்சுக்கும் பெயர்ந்தபோதுதான், சொல்லாமல் விடப்பட்ட ஒவ்வொன்றையும் ஒருவர் சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்தினார். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. மூலத்தில் பிழை இல்லாமலே, தளம் மாறியதால் பிழை தோன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் காலத்திலேயே இதைக் கண்டோம். இணையத்தில் தமிழ் தவழத் தொடங்கிய நாட்களில் ஒரு குறியீட்டில் எழுதிய கட்டுரை, இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களை முதலில் டிஸ்கியில் இட்டுவைத்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. எழுத்துக்கு நேர்ந்த அதே இடர் எண்ணுக்கும் நேர்ந்தது என்பதே நாம் புதிதாக அறிந்துகொண்டது. எண்ணின் கதை எழுத்தின் கதையைவிட மூத்தது.

*

ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனத்தார் உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பொறிக்கும் அதனதன் மொழியிலேயே எழுத வேண்டும். ஃபோர்ட்ரான் வந்தபின், ஒருமுறை எழுதினால் எந்தப் பொறியிலும் ஓடும் என்ற நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கை பாதிதான் பலித்தது. சூத்திரங்கள் இடம்பெயர்ந்தன, எண்கள் இடம்பெயரவில்லை.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1964-இல் நிறுவப்பட்ட சிடிசி 3600 கணினி, ஓர் எண்ணை 48 பிட்டுகளில் எழுதிவைத்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் வந்த ஐபிஎம் 370/155 கணினியில் அதற்கு இடம் 32 பிட்டுகள். அதுவும் இரண்டின் அடுக்குகளாக அன்றிப் பதினாறின் அடுக்குகளாக. மும்பையில் எழுதிய ஒரு ஃபோர்ட்ரான் நிரலை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஓட்டினால், எழுத்து மாறாதிருந்தும் விடையின் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். நீண்ட கணக்கில் கடைசி இலக்கத்தின் பிழை முதல் இலக்கம் வரை ஏறிவரவும் கூடும். எண்ணுக்கு இருமடங்கு இடம் ஒதுக்கி எழுதத் தெரிந்தவர் தப்பினார், தெரியாதவர் ஏமாந்தார்.

இதை முதலில் முறையாக எதிர்கொண்டவர்களுள் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். வில்கின்சன், ரைன்ஷ் ஆகிய இருவரும் அல்கால் மொழியில் தொகுத்திருந்த கணக்கு முறைகளை 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் ஃபோர்ட்ரானுக்கு மாற்றி, 'ஐஸ்பேக்' என்று பெயரிட்டனர். மாற்றியது பெரிதன்று. வெவ்வேறு பொறிகள் வைத்திருந்த பல்கலைக்கழகங்களுக்கு அதை அனுப்பி, ஒவ்வொன்றிலும் ஓட்டிப்பார்க்கச் செய்து, உடைந்த இடங்களைத் திருத்தியபின்னரே வெளியிட்டார்கள். நிரல் எழுதுவது ஒரு வேலை, அது பிறர் வீட்டில் ஓடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை என்ற தெளிவு அங்கே பிறந்தது எனலாம்.

பெல் ஆய்வுக்கூடத்தார் 1978-இல் வெளியிட்ட 'போர்ட்' நூலகத்தில் இன்னொரு வழி கண்டார்கள். நண்பர் அந்நிரலின் ஒரு பக்கத்தை அச்சிட்டுக் காட்டினார். நமக்கு அது பழைய உரைநூல் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு பொறி தாங்கும் மிகப் பெரிய எண் எது, மிகச் சிறிய எண் எது என்பன போன்ற, பொறிக்குப் பொறி மாறும் செய்திகளையெல்லாம் மூன்றே சிறு நிரல்களுக்குள் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பர்ரோஸ், கிரே, ஹனிவெல், ஐபிஎம், யூனிவாக் என்று அக்காலப் பொறிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய எண்கள். எல்லா வரிகளின் தலையிலும் 'சி' என்னும் எழுத்து. ஃபோர்ட்ரானில் முதல் கட்டத்தில் 'சி' இருந்தால் அவ்வரி வெறும் குறிப்புரை. பொறி அதைப் படிக்காது. உம்மிடம் உள்ள பொறி எதுவோ, அதன் வரிகளில் மட்டும் 'சி'யை நீக்கிக்கொள்க என்பது பயனருக்கான அறிவுரை. ஒரே சுவடியில் எல்லாப் பாடபேதங்களையும் எழுதிவைத்து, படிப்பவர் தம் ஊர் வழக்குக்கேற்ற பாடத்தைத் தேர்ந்துகொள்ளச் செய்தது போன்றது இது.

ஒழுங்கு வந்தது 1985-இல். வில்லியம் கேஹான் முதலியோரின் முயற்சியால், எண்களைப் பொறிக்குள் எழுதுவதற்கு ஐஈஈஈ 754 என்ற பொதுத்தரம் ஏற்பட்டது. எண்ணுக்கு ஓர் ஒருங்குறி என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் தொடங்கிய 'நெட்லிப்', கேட்பவர்க்கு நிரல்களை மின்னஞ்சலிலேயே அனுப்பிவைத்தது. 1992-இல் 'லாபேக்' வந்தது. சமன்பாட்டுத் தொகுதிகளுக்குத் தீர்வு காணும் இந்த நூலகம் இன்றும் உலகின் பெரும்பாலான அறிவியல் கணக்குகளுக்கு அடித்தளத்தில் இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதுவோர் பயன்படுத்தும் நம்பை, சைபை என்னும் நூலகங்களும் கடைசியில் அதன் மீதே அமர்ந்திருக்கின்றன. இவ்வளவு ஆனபின் இடர் தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? தீரவில்லை.

*

2019-இல் நடந்த ஒன்றைச் சொன்னால் தமிழாசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். 'மதுரை சென்றான்' என்கிறோம். மதுரைக்குச் சென்றான் என்பது பொருள். 'கு' என்னும் உருபு மறைந்து நிற்கிறது. இதை வேற்றுமைத்தொகை என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். மறைந்து நிற்பது இருவர்க்கும் தெரிந்தவரை இடரில்லை. ஃபோர்ட்ரானிலும் ஒரு தொகை உண்டு. ஒரு நிரல் இன்னொன்றுக்கு எழுத்துச்சரம் ஒன்றை அனுப்பினால், அதன் நீளமும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்ணாகக் கடைசியில் கூடவே செல்லும். ஃபோர்ட்ரானும் ஃபோர்ட்ரானும் பேசிக்கொள்ளும்வரை கம்பைலரே அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் லாபேக்கை அழைத்தவர்களில் பலர் சி மொழியில் எழுதினார்கள். அனுப்புவது ஒற்றை எழுத்துத்தானே, நீளம் எதற்கு என்று மறைந்த எண்ணை அனுப்பாமலே விட்டார்கள். பல பத்தாண்டுகள் ஒரு குறையும் நேரவில்லை.

பிறகு ஜிசிசி என்னும் கம்பைலரின் புதிய பதிப்பு ஒன்று வேகத்துக்காக ஒரு சிக்கனம் செய்தது. மறைந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய இடத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அழைத்தவர் அங்கே அப்படி ஓர் இடம் ஒதுக்கவே இல்லை, ஆகவே அங்கிருந்த வேறெதுவோ அழிந்தது, நிரல்கள் சரிந்தன. ஆர் என்னும் புள்ளியியல் மொழியைப் பராமரிப்பவர்கள் பொறியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். குற்றம் யாருடையது? இலக்கணப்படி கம்பைலர் செய்தது சரி. வழக்கின்படி நிரலாளர்கள் செய்ததும் சரி. 'எவ்வது உறைவது உலகம்' என்று வாதாடிப் பயனில்லை. ஓடிக்கொண்டிருந்த கணக்குகள் ஓடியாக வேண்டும். கம்பைலர் எழுதியவர்கள் இறங்கிவந்து பழைய வழக்கையும் பொறுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. 2020-இல் வெளிவந்த ஜிசிசி 10ஆம் பதிப்பு, ஒற்றை எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் எண்வரிசையை அனுப்புவது போன்ற பொருந்தாமைகளை, எச்சரிக்கையோடு விடாமல், பிழையென்றே கொண்டு நிறுத்தியது. முப்பது நாற்பது ஆண்டுகளாக ஓடிய நிரல்கள் ஒரே நாளில் கட்ட முடியாதவை ஆயின. நம் நண்பரின் மாணவர் எழுதிய ஃபோர்ட்ரான் பகுதி சிக்கிக்கொண்டது இங்கேதான்.

அதற்கும் முன்னே அவர் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. பைத்தானையும் ஃபோர்ட்ரானையும் பிணைத்துக் கட்டுவதற்கு நெடுங்காலம் பயன்பட்டது 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் பகுதி. 2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12-இல் அது நீக்கப்பட்டது. இதை எதிர்பார்த்துச் சைபை நூலகத்தார் 2022-லும் நம்பை நூலகத்தார் 2023-லும் 'மீசன்' என்னும் வேறொரு கட்டுமுறைக்கு மாறிக்கொண்டார்கள். கொத்தனார் ஊரைவிட்டுப் போனபின் அவருடைய மட்டப்பலகையைத் தேடும் நிலை நம் நண்பருக்கு.

புதியதே வேண்டாம், பழைய கணினியிலேயே இருந்துகொள்ளலாமே என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். நண்பர் ஒரு சங்கிலியைக் காட்டினார். நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் விண்டோஸ் 7 நெடுநாள் நிலைத்திருந்தது. பைத்தான் 3.9 முதல் அதில் ஏறாது, எனவே 3.8-இல் நிற்க வேண்டும். பைத்தான் 3.8-இல் நின்றால் நம்பை 1.24-க்கு மேல் செல்ல முடியாது. அதற்கு மேற்பட்ட நம்பையைக் கேட்கும் எந்த நூலகமும் வராது. இயங்குதளம் ஒரு கண்ணி, மொழி ஒரு கண்ணி, நூலகம் ஒரு கண்ணி. ஒன்றை விடுத்து ஒன்றை உயர்த்த இயலாது. வசதியுள்ள நிறுவனம் எல்லாக் கண்ணிகளையும் ஒரே நாளில் மாற்றிவிடும். பத்தாண்டுக்கு ஒருமுறை கணினி வாங்கும் கல்லூரிக்கு, உலகம் முன்னே செல்வது கதவு சாத்தப்படும் ஓசையாகவே கேட்கிறது.

*

நண்பரும் மாணவியும் மூன்று வாரம் அமர்ந்து நிரலைக் கட்டி முடித்தார்கள். பொருந்தாமையைப் பொறுத்துக்கொள்ளும்படி கம்பைலருக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டாம். முதலில் அதைக் கொடுத்து ஓடவைத்தார்கள். பிறகு, பிறர்க்கும் பயன்படட்டும் என்று மூலத்திலேயே பொருந்தாத இடங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

இவ்விடத்தில் நமக்குக் குற்றாலத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வந்தார். கம்பன் பாடல்களில் தம் செவிக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கியும், சொற்களை மாற்றியும் அவர் பதிப்பித்தார். அவர் பிரதியில் கம்பன் இனித்தான். ஆனால் அறிஞர்கள் அத்திருத்தங்களை மூலமென்று ஏற்கவில்லை. தம் கணினியில் மட்டும் ஓடும்படி ஒட்டுப்போடுவதும் அத்தகையதே. ஒட்டுப்போட்டவர் வீட்டில் அது ஓடும். மூலத்தைப் பேணுவோரிடம் திருத்தத்தைக் காட்டி, அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்லி, வேறு தளங்களில் உடையவில்லை என்று நிறுவினால்தான் அது எல்லார்க்கும் உரியதாகும். முன்னதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

நிரல் ஓடியது. ஆனால் விடை மாறியிருந்தது. ஆய்வேட்டின் அட்டவணையில் அச்சாகியிருந்த எண் ஒன்று. இப்போது வந்த எண் வேறு. கடைசி இலக்கத்து வேறுபாடன்று. மழையின் ஏற்ற இறக்கம் முன்பு சொன்னதைவிட மிகுதி என்று காட்டும் வேறுபாடு. கட்டும்போது எதையோ கெடுத்துவிட்டோம் என்றே நண்பர் முதலில் அஞ்சினார். நான்கு நாள் தேடியபின் உண்மை புலப்பட்டது. புதியது சரி, பழையதே பிழை.

காரணம் இதுதான். முழுஎண்ணுக்கு இவ்வளவு இடம் என்று தனியே சொல்லாவிட்டால், நம்பை நூலகம் 64 பிட் லினக்ஸில் 64 பிட் இடம் ஒதுக்கும். விண்டோஸில், அது 64 பிட் விண்டோஸாகவே இருந்தாலும், 32 பிட்தான் ஒதுக்கும். 2024 ஜூனில் வெளியான நம்பை 2.0 தான் இந்த வேறுபாட்டை நீக்கியது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழுஎண் 214,74,83,647. 50,000-ஐ 50,000-ஆல் பெருக்கினால் 250 கோடி வரவேண்டும். 32 பிட் எண்வரிசையிலோ கழித்தல் குறியோடு 179,49,67,296 என்று வரும். ஓர் எச்சரிக்கையும் இராது. ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகளெல்லாம் முடிந்ததும் மறுபடி பூச்சியத்திலிருந்து ஓடுமே, அதைப் போன்றது. மாணவர் மழையளவை மில்லிமீட்டரின் பத்திலொரு பங்காக முழுஎண்களில் எழுதி, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டியிருந்தார். பல மழைமானிகள், முப்பது ஆண்டுகள். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டியது கழித்தல் குறியோடு நின்றிருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். ஒரு முழுச் சுற்றும் சுற்றிவந்து நேர்மறை எண்ணாகவே நின்றதால், மாணவரும் பார்க்கவில்லை, வழிகாட்டியும் பார்க்கவில்லை, தேர்வாளரும் பார்க்கவில்லை.

இதே நிரலை 2013-இல் ஒரு லினக்ஸ் கணினியில் ஓட்டியிருந்தால் சரியான விடை வந்திருக்கும். மழை பெய்தது ஒன்றே. எந்த மேசையில் அமர்ந்து கணக்கிட்டார் என்பதைப் பொறுத்து விடை மாறியிருக்கிறது. நண்பரை வருத்தியது இதுவே.

"சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி" என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்படி விட்டுவிடவில்லை. பழைய மாணவருக்கு எழுதினார். தொலைவில் வேறு வேலையில் இருக்கும் அவர், இரண்டு நாளில் கணக்கைத் தாமே மீண்டும் செய்துபார்த்து, பிழையை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். கல்லூரி நூலகத்தில் உள்ள ஆய்வேட்டில், அட்டவணைக்கு எதிர்ப்பக்கத்தில், இருவரும் கையொப்பமிட்ட பிழைத்திருத்தத் தாள் ஒன்று இப்போது ஒட்டப்பட்டிருக்கிறது. பசை காய்வதற்கு முன் நாமும் அதைப் பார்த்தோம்.

*

இந்த வரலாற்றில் புகழ்பெற்ற பெயர்கள் சில உண்டு. பேக்கஸுக்கும் கேஹானுக்கும் டூரிங் விருது கிடைத்தது. லின்பேக், லாபேக் ஆகியவற்றின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜேக் டொங்காராவுக்கும் 2021ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருது வழங்கப்பட்டது. ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் விண்டோஸில் உடைந்ததை, மேக்கில் உடைந்ததை ஒட்டவைப்பவர்களை யாருக்கும் தெரிவதில்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுடன் கணினி வெளியிட்டபோது, ஜிசிசியின் அதிகாரபூர்வப் பதிப்பு அதற்கு ஃபோர்ட்ரான் தரவில்லை. முறையான ஏற்பாடு வரும்வரை, தனியாக ஒட்டுப்போட்ட பதிப்பு ஒன்றைத் தன்னார்வலர்கள் பேணிவந்தார்கள். உலகத்து ஆய்வாளர்கள் அதைக்கொண்டே சமாளித்தார்கள்.

இது நமக்கு எட்டாத தொலைவில் நடப்பதுமன்று. செங்கோட்டை, ஆரியங்காவு வழியே மலையைக் கடந்தால் வரும் திருவனந்தபுரத்தில், 2009 டிசம்பரில் சைபையின் முதல் இந்திய மாநாடு நடந்தது. முப்பரிமாணப் படங்களாக அறிவியல் தரவுகளைக் காட்டும் 'மயாவி' என்னும் மென்பொருளை எழுதிய பிரபு ராமச்சந்திரன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்; பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர். மயாவி, விடிகே என்ற வேறொரு பெரிய நூலகத்தின் மீது நிற்பது. அடியில் உள்ளது மாறும்போதெல்லாம் மேலே உள்ளதையும் செப்பனிட வேண்டும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலேயே இன்று ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகத்தில் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். எழுதும் கைகள் இங்கே இருக்கின்றன. பழுது பார்க்கும் பொறுமையையும் அதன் மதிப்பையும் அவர்களுக்குக் கற்பிக்கிறோமா என்பதே ஆசிரியர்களாகிய நம்மை நோக்கிய வினா. நம் பாடத்திட்டங்களில் நிரல் எழுதுவதற்கு மதிப்பெண் உண்டு. பிறர் எழுதியதைப் படித்து, உடைந்த இடம் கண்டு, திருத்துவதற்கு இல்லை.

தென்காசியில் பெரிய கோபுரத்தின் கீழ் நிற்கும்போது மலைக்காற்று ஆளையே தள்ளும். சுமார் 180 அடி உயரமுள்ள இக்கோபுரம் இடிந்து இரண்டாகப் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-இல்தான். உள்ளே, 1446-இல் இக்கோயில் பணியைத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டுப் பாடல்கள் இருக்கின்றன. கோயில் கட்டிய அரசர்கள் தம் புகழைக் கல்லில் வெட்டுவது இயல்பு. இவன் ஒரு பாடலில் வேறொன்றைச் சொல்கிறான். வரக் கூடாத பழுது ஒன்று இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் வந்துவிடுமானால், அன்றைக்கு வந்து அதைப் போக்கிக் காப்பவர் எவராக இருந்தாலும், அவரை உலகறிய இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து.

தான் கட்டியதும் பழுதுபடும் என்று அவன் அறிந்திருந்தான். பழுது பார்க்க வருபவர் இன்னார் என்று அவனுக்குத் தெரியாது. தன் குலத்தவராக இருக்க வேண்டும் என்றும் அவன் கேட்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த வணக்கம் அங்கே காத்திருந்தது.

சென்ற வாரம் நூலகத்துக்குப் போயிருந்தபோது அந்த ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தோம். திருத்தத் தாளின் கீழே, மெல்லிய பென்சிலில், மாணவி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: எந்தப் பைத்தான், எந்த நம்பை, எந்தக் கம்பைலர், எந்த இயங்குதளம் ஆகியவற்றைக் கொண்டு இக்கணக்கைச் செய்தார் என்னும் விவரம். அடுத்து வந்து பழுது பார்ப்பவருக்காக.